எழுதுவதற்கு முந்தைய எழுத்து

அச்சில் வந்த ஒரு கட்டுரையைப் படிப்பவர் அதன் இறுதி வடிவத்தை மட்டுமே காண்கிறார். அந்த வடிவம் அமைவதற்கு முன் எழுதியவர் திரட்டிய செய்திகள், ஒதுக்கிவிட்ட கருத்துகள், மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்த தலைப்புகள், தமக்குத் தாமே கேட்டுக்கொண்ட கேள்விகள் ஆகியவை அச்சேறிய பக்கத்தில் தெரிவதில்லை. இதனால், நல்ல எழுத்து பேனாவை எடுத்ததும் பெருகி வந்துவிடும் என்ற எண்ணம் மாணவரிடத்திலும் எழுத விரும்பும் பெரியவரிடத்திலும் வேரூன்றியிருக்கிறது. முதல் பத்தியே வராமல் திணறும்போது அவர்கள் அதைத் தம் திறமைக் குறைவு என்று முடிவுகட்டி, எழுதுவதையே கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் அவர்களிடம் பெரும்பாலும் குறைவுபடுவது, எழுதத் தொடங்கும் முன் செய்திருக்க வேண்டிய வேலைதான். அந்த வேலை கற்றுக்கொடுக்கக் கூடியது, பழகப் பழகக் கைவருவது, ஒருவர் எழுத்தாளராக வளர்வதில் பெரும்பங்கு வகிப்பது.

முதல் வரைவைத் தொடங்குவதற்கு முன் ஒருவர் செய்யும் சிந்தனை, திரட்டல், தேர்வு, வரிசைப்படுத்தல் ஆகிய அனைத்தையும் சேர்த்து முன்னெழுத்து என்று குறிப்பிடலாம். எழுத்தின் நோக்கத்தை வரையறுத்து, கருத்துகளை முறையாக அடுக்கி, எதை எங்கே சொல்வது என்று தீர்மானிக்கும் திட்டமிடல் இதன் ஒரு பகுதியாகும். எழுதுவதற்கு முந்தைய வேலையை இவ்வாறு தனியே பிரித்துப் பார்ப்பது புதிதன்று. பழைய கிரேக்க, ரோமானியச் சொற்கலை நூலோர் பேச்சைப் பொருள் காணல், அடுக்கல், நடை அமைத்தல், நினைவில் இருத்தல், அவையில் உரைத்தல் என ஐந்து கூறுகளாகப் பிரித்தனர். அவற்றுள் முதல் இரண்டும் சொற்களைத் தேடுவதற்கு முன்பே நடக்க வேண்டியவை. பிற்காலப் பள்ளிக் கல்வியில் இந்த இரண்டும் பின்தங்கி, எழுத்துப் பிழையும் இலக்கணப் பிழையும் திருத்துவதே எழுத்துப் பயிற்சி என்றாகிவிட்ட நிலையில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் ரோமனும் ஆல்பர்ட் வெலக்கியும் 1964-இல் வெளியிட்ட ஆய்வின் வழியாக முன்னெழுத்து என்ற கருத்தை மீண்டும் வகுப்பறைக்குக் கொண்டுவந்தனர். மாணவர்களை நாட்குறிப்பு எழுதச் செய்தும், ஒரு பொருளை ஆழ்ந்து எண்ணச் செய்தும், ஒப்புமைகள் வழியே அதை அணுகச் செய்தும் பயிற்றுவித்த அவர்களுடைய அடிப்படைக் கொள்கை, தெளிவான எழுத்துக்கு முன்னால் தெளிவான சிந்தனை நிகழ வேண்டும் என்பதாகும்.

மனம் ஒரே நேரத்தில் சுமப்பவை

முன்கூட்டித் திட்டமிடுவது ஏன் உதவுகிறது என்ற கேள்விக்கு உளவியல் தெளிவான விடை தருகிறது. எழுதும் ஒருவர் ஒரே நேரத்தில் கருத்தைத் தேடுகிறார், அதற்குரிய சொல்லைத் தேடுகிறார், வாக்கிய அமைப்பைக் கவனிக்கிறார், முன்பு எழுதியதோடு அது பொருந்துகிறதா என்று பார்க்கிறார், படிப்பவருக்குப் புரியுமா என்றும் எண்ணிப் பார்க்கிறார். இத்தனையும் நடக்க வேண்டிய இடம், ஒரு சமயத்தில் மிகச் சில செய்திகளை மட்டுமே பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய செயல் நினைவு என்னும் குறுகிய பகுதி. அதன் மீது சுமை கூடும்போது ஏதேனும் ஒன்று நழுவிவிடுகிறது. நடை நன்றாக இருந்தும் கருத்து தடுமாறும் கட்டுரைகளும், கருத்து நன்றாக இருந்தும் வாக்கியங்கள் முறிந்து கிடக்கும் கட்டுரைகளும் இவ்வாறு உருவாகின்றன.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா பிளவரும் ஜான் ஹேய்ஸும், எழுதிக்கொண்டிருப்பவர்கள் தம் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்து, அந்தப் பதிவுகளை ஆராய்ந்து, 1981-இல் எழுத்துச் செயலுக்கான ஒரு கோட்பாட்டை வெளியிட்டனர். அதன்படி எழுதுதல் திட்டமிடல், சொல்லாக மாற்றுதல், மறுபார்வை என்னும் மூன்று செயல்களால் ஆனது. திட்டமிடலோ கருத்தை உருவாக்குதல், ஒழுங்குபடுத்துதல், இலக்கு வகுத்தல் என்னும் உட்பிரிவுகளைக் கொண்டது. இவ்வேலைகளைப் பிரித்துச் செய்தால் சுமை குறையும் என்பதற்கு, ரொனால்ட் கெல்லாக் என்னும் உளவியலாளர் 1988-இல் வெளியிட்ட சோதனை சான்றாக அமைந்தது. கல்லூரி மாணவர்கள் எழுதிய கடிதங்களை அவர் ஒப்பிட்டபோது, முதலில் குறிப்புச் சட்டகம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டு எழுதியவர்களின் கடிதங்கள் தரத்தில் உயர்ந்திருந்தன. முதல் வரைவைக் கரடுமுரடாக எழுதினார்களா, செம்மையாகவே எழுதினார்களா என்பதோ இறுதித் தரத்தில் வேறுபாட்டை உண்டாக்கவில்லை. என்ன சொல்வது என்ற கேள்வி முன்பே தீர்ந்துவிட்டால், எப்படிச் சொல்வது என்பதில் மனம் முழுமையாக ஈடுபட முடிகிறது.

திரட்டும் வழிகள்

முன்னெழுத்தின் முதல் கட்டம் திரட்டல். அதாவது, எழுதுபவர் தமக்கு என்ன தெரியும், எது தெரியாது என்பதைக் கண்ணால் காணும்படி தாளில் இறக்கி வைத்தல். ‘எங்கள் ஊர் ஏரி’ என்ற தலைப்பில் ஒருவர் கட்டுரை எழுத முனைவதாகக் கொண்டால், அவருக்குப் பயன்படக்கூடிய வழிகள் பல உள்ளன.

முதலாவது தடையில்லா எழுத்து. பீட்டர் எல்போ என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1973-இல் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவலாக அறியப்பட்ட இந்த முறையில், எழுதுபவர் பத்து நிமிடம் போன்ற ஒரு குறுகிய நேரத்துக்குக் கையை நிறுத்தாமல், திரும்பிப் படிக்காமல், பிழை திருத்தாமல் மனத்தில் வருவதை எல்லாம் எழுதிக்கொண்டே போகிறார். எழுதும்போதே குறை காணும் மனப்பழக்கம் சற்று நேரம் விலகி நிற்பதால், ஏரியைப் பற்றித் தமக்குத் தெரியும் என்று அவரே அறியாதிருந்த செய்திகளும் கேள்விகளும் வெளிவருகின்றன. எழுதி முடித்தபின் அதைப் படித்து, உயிருள்ள ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம்.

இரண்டாவது கொத்தாக்கம். கேப்ரியல் ரிக்கோ 1983-இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கிய இம்முறையில், தாளின் நடுவே மையச் சொல்லை எழுதி வட்டமிட்டு, அதிலிருந்து கிளைக்கும் எண்ணங்களை ஒவ்வொன்றாகக் கோட்டால் இணைத்துச் செல்ல வேண்டும். ஏரி என்ற சொல்லைச் சுற்றிக் கரை, மதகு, கலிங்கு, ஆயக்கட்டு, வண்டல், வரத்துக் கால்வாய், மீன் ஏலம், ஆக்கிரமிப்பு என்று சொற்கள் பரவும்போது, எந்தக் கிளை அடர்ந்திருக்கிறது, எது மெலிந்திருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அடர்ந்த கிளை கட்டுரைக்குரிய பொருளையும், மெலிந்த கிளை இனி விசாரித்து அறிய வேண்டியதையும் காட்டும்.

மூன்றாவது வினாமுறை. யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்னும் ஆறு கேள்விகளும் செய்தியாளருக்கு மட்டும் உரியவை அல்ல. மதகைத் திறந்து மூடும் பொறுப்பு முன்பு யாரிடம் இருந்தது, அது எப்போது கைமாறியது, கால்வாய் ஏன் தூர்ந்தது, தண்ணீர் கடைமடைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கத் தொடங்கியதும், எழுதுபவர் தம் நினைவை மட்டும் நம்பியிராமல், பழைய மடைக்காரரையும் விவசாயிகளையும் தேடிச் செல்ல வேண்டியவராகிறார். நினைவு, கற்பனை ஆகியவற்றோடு விசாரணையும் சேரும்போதுதான் கட்டுரைக்கு உள்ளடக்கம் கூடுகிறது.

இம்மூன்றில் எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல இயலாது. சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று தயங்குபவருக்குத் தடையில்லா எழுத்தும், எண்ணங்கள் குவிந்து குழம்புபவருக்குக் கொத்தாக்கமும், செய்தி போதாமல் நிற்பவருக்கு வினாமுறையும் ஏற்றவை. தம் தயக்கம் எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டுகொள்வதே எழுதுபவர் அடையும் முதல் முதிர்ச்சியாகும்.

யாருக்காக, எதற்காக

திரட்டியதை எல்லாம் திரட்டிய வரிசையிலேயே கொட்டிவிடும் எழுத்து கட்டுரை ஆகாது. கார்ல் பெரைட்டரும் மார்லின் ஸ்கார்டமாலியாவும் 1987-இல் வெளியிட்ட நூலில் எழுதுபவர்களின் அணுகுமுறையை இரு வகையாகப் பிரித்துக் காட்டினர். தலைப்பைக் கண்டதும் நினைவுக்கு வருவதை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி, நினைவு வற்றியதும் நிறுத்திவிடுவது அறிந்ததைச் சொல்லல். சொல்ல வேண்டிய பொருளையும் படிப்பவரின் தேவையையும் எதிரெதிரே நிறுத்தி, அந்த முயற்சியில் தம் அறிவையே மாற்றி அமைத்துக்கொள்வது அறிந்ததை மாற்றியமைத்தல். முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு நகர்வதையே எழுத்தில் வளர்ச்சி என்று கொள்ளலாம். அந்த நகர்வு பெரும்பாலும் திட்டமிடும் கட்டத்தில்தான் நிகழ்கிறது.

ஏரியைப் பற்றிய அதே செய்திகள், மாவட்ட ஆட்சியருக்குத் தரும் மனுவில் ஒரு வடிவத்தையும், பள்ளிச் சிறுவர் படிக்கும் இதழில் வேறொரு வடிவத்தையும், வேளாண்மை இதழில் மூன்றாவது வடிவத்தையும் பெற வேண்டும்; மனுவுக்குக் கால்வாயின் இன்றைய நிலையும் கோரிக்கையும் முன்னே வர வேண்டும், சிறுவருக்கு மதகு எப்படி இயங்குகிறது என்பது முதலில் விளங்க வேண்டும், விவசாயிக்கோ மதகின் இயக்கத்தை விளக்கத் தேவையே இல்லை. ஆகவே வரைவைத் தொடங்குமுன், படிப்பவர் யார், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், படித்து முடித்தபின் அவர் எதை அறிய வேண்டும் அல்லது செய்ய வேண்டும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடையை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இதன் பின் மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். ‘ஏரியின் இன்றைய நிலை’ என்பது தலைப்பு மட்டுமே. ‘மழை குறையாத ஆண்டிலும் ஏரி நிரம்பாததற்கு வரத்துக் கால்வாய் தூர்ந்ததே காரணம்’ என்பது கருத்து. முன்னதில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். பின்னதோ எது தேவை, எது தேவையில்லை என்பதைத் தானே வகுத்துவிடுகிறது. மீன் ஏலத்தைப் பற்றித் திரட்டிய செய்தி எவ்வளவு சுவையானதாக இருந்தாலும், இந்தக் கருத்துக்கு அது துணைசெய்யாவிட்டால் வேறொரு கட்டுரைக்காகக் காத்திருக்க வேண்டும்.

அடுக்கும் முறை

எதை முதலில் சொல்வது, எதைப் பின்னர் சொல்வது என்ற சிக்கலைத் தமிழ் இலக்கண நூலோர் மிகுந்த அக்கறையுடன் எண்ணியிருக்கின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும், அமைய வேண்டிய பத்து அழகுகளையும், கையாள வேண்டிய முப்பத்திரண்டு உத்திகளையும் தொகுத்துச் சொல்கிறது. அக்குற்றங்களுள் பல வரைவில் தோன்றினாலும், அவற்றின் வேர் திட்டமின்மையில் இருக்கிறது. எடுத்துக்கொண்ட பொருளை விட்டு வேறொன்றைப் பெருக்கிச் சொல்லும் மற்றொன்று விரித்தல், மையக் கருத்து வரையறுக்கப்படாததால் வருவது; சொன்னதையே மீண்டும் சொல்லும் கூறியது கூறல், எந்தச் செய்திக்கு எந்த இடம் என்று முடிவு செய்யாததால் வருவது; சிறப்பாகத் தொடங்கிப் போகப் போக மெலிந்து முடியும் சென்று தேய்ந்து இறுதல், முடிவு எங்கே என்று அறியாமல் தொடங்கியதால் வருவது. அழகுகளின் பட்டியலில் முறையின் வைப்பு, அதாவது கருத்துகளை உரிய வரிசையில் அமைத்தல், தனி இடம் பெற்றிருக்கிறது. எழுதி முடித்த கட்டுரையைச் சோதிப்பதற்கு மட்டுமன்றி, எழுதப்போகும் கட்டுரையின் சட்டகத்தைச் சோதிப்பதற்கும் இப்பட்டியல் இன்றும் பயன்படும்.

சட்டகத்தைப் படிப்படியாக வளர்ப்பது எப்படி என்பதற்கு, சார்லஸ் டார்வினின் வாழ்க்கை அரிய எடுத்துக்காட்டாகும். உயிரினங்களின் மாற்றம் பற்றிய தம் முதல் குறிப்பேட்டை 1837-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய அவர், 1842-இல் தம் கோட்பாட்டை 35 பக்கங்களில் பென்சிலால் சுருக்கமாக எழுதிப் பார்த்தார். 1844-இல் அதை 230 பக்கங்களாக விரித்தார். 1856-இல் மிகப் பெரிய நூலொன்றைத் தொடங்கினார். 1858-இல் ஆல்பிரட் ரசல் வாலஸ் ஏறத்தாழ அதே கோட்பாட்டைக் கூறும் கட்டுரையை அவருக்கு அனுப்பியபோது, டார்வின் பெரிய நூலை நிறுத்திவிட்டு, அதன் சுருக்கமாக ஒரு நூலை எழுத முற்பட்டார். பதின்மூன்று மாதம் பத்து நாள் உழைப்பில் முடிந்த அந்த நூல்தான், 1859-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’. அதன் வெற்றிக்குப் பெருமளவு காரணம், நெடுநாள் முன்பே இரண்டு சுருக்க வரைவுகளை எழுதியிருந்ததும், பெரிய கைப்பிரதி ஒன்றைச் சுருக்கியதுமே என்று அவர் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டார்.

அதே தன்வரலாற்றில் அவர் தம் வேலை முறையையும் விளக்கியிருக்கிறார். பெரிய நூல் எழுதும்போது முதலில் இரண்டு மூன்று பக்கங்களில் மிக எளிய சட்டகம் ஒன்றை எழுதுவார். பிறகு அதைப் பல பக்கங்களுக்கு விரிப்பார். அதில் ஒரு முழு விவாதத்துக்கோ செய்தித் தொகுதிக்கோ பதிலாகச் சில சொற்கள், சில சமயம் ஒரே சொல், நிற்கும். ஒவ்வொரு தலைப்பும் விரிவாக்கப்பட்டு, பலமுறை இடம் மாற்றப்பட்ட பின்னரே முழுமையாக எழுதத் தொடங்குவார். முப்பது நாற்பது பெரிய உறைகளில் பொருள்வாரியாகக் குறிப்புகளைச் சேர்த்து, பெயர் ஒட்டிய அலமாரித் தட்டுகளில் வைத்திருப்பார். தாம் வாங்கிய நூல்களின் இறுதியில் தமக்கு வேண்டிய செய்திகளுக்கு அட்டவணை எழுதிவைப்பார். தம் முடிவுகளுக்கு எதிரான செய்தியோ எண்ணமோ கிடைத்தால் அதை உடனே குறித்துவைக்க வேண்டும் என்பதை உறுதியான விதியாகவே கடைப்பிடித்தார். ஏனெனில் சாதகமான செய்திகளைவிட இத்தகைய செய்திகள் விரைவில் மறந்துபோகின்றன என்று அவர் அனுபவத்தில் கண்டிருந்தார். எழுதும் முன்பே எதிர்வாதங்களைச் சேகரித்திருந்ததால்தான், அந்நூலுக்கு எதிராக எழுந்த ஆட்சேபங்களில் மிகச் சிலவே அவர் முன்னதாகக் கவனித்து விடையளிக்க முயலாதவையாக இருந்தன.

சாதாரணக் கட்டுரைக்கு இத்தனை ஆண்டுகளும் இத்தனை உறைகளும் தேவையில்லை. ஆனால் முறை ஒன்றே. சட்டகத்தின் ஒவ்வொரு தலைப்பையும் வெறும் பெயர்ச்சொல்லாக விடாமல் முழு வாக்கியமாக எழுதுவது இங்கே பெரிதும் உதவும். ‘ஆக்கிரமிப்பு’ என்று குறித்து வைத்தவர் எழுத உட்காரும்போது மீண்டும் முதலிலிருந்து யோசிக்க வேண்டும். ‘ஆக்கிரமிப்பால் கால்வாய் குறுகியதே அது தூர்ந்ததன் முதற்காரணம்’ என்று குறித்து வைத்தவருக்கு அந்தப் பத்தியின் நோக்கமும், அதற்குத் தேவையான சான்றும், அடுத்த பத்தியோடு அதற்குள்ள தொடர்பும் அப்போதே தெரிந்துவிடும்.

திட்டம் மாறும் இடம்

திட்டமிடல் என்றதும், ஒருமுறை வகுத்த சட்டகத்திலிருந்து விலகவே கூடாது என்று சிலர் எண்ணுகின்றனர். பிளவர், ஹேய்ஸ் ஆகியோரின் ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது: எழுதுபவர் திட்டமிடல், எழுதுதல், மறுபார்வை ஆகியவற்றை ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று செய்யாமல், எழுத்தின் எந்தக் கட்டத்திலும் முந்தையதற்குத் திரும்பிச் செல்கிறார், எழுதும்போது அறிந்ததைக் கொண்டு தம் இலக்கையே மாற்றிக்கொள்ளவும் செய்கிறார். எழுதிப் பார்த்தால்தான் தம் கருத்தே தமக்குத் தெரியவரும் என்ற இயல்புடையவர்களும் உண்டு. அவர்கள் முதல் வரைவையே திரட்டலாகக் கொண்டு, அதை எழுதி முடித்தபின் ஒவ்வொரு பத்தியும் சொல்வதை ஓரத்தில் ஒரு வரியில் எழுதி, அவ்வரிகளை மட்டும் தனியே படித்துப் பார்த்து, புதிய வரிசை வகுக்கலாம். பின்னோக்கிய சட்டகம் எனத் தகும் இந்த முறையிலும் திட்டமிடல் இருக்கவே செய்கிறது; அதன் இடம்தான் மாறுகிறது.

மறுபுறம், செய்தி திரட்டுவதிலேயே காலத்தைக் கழித்து, எழுதுவதைத் தள்ளிப்போடுவதும் உண்டு. மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்து, அதைத் தாங்கும் சான்றுகள் கைவசம் இருந்து, முடிவு எது என்று தெரிந்துவிட்டால், எழுதத் தொடங்கும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

வகுப்பறையில் விடுபட்டது

ஜேனட் எமிக் என்னும் ஆய்வாளர், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எண்மர் எழுதும் முறையைக் கவனித்து 1971-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தாமே விரும்பி எழுதுவதற்கு முன் நெடுநேரம் எண்ணிப் பார்க்கிறார்கள் என்றும், பள்ளி தரும் கட்டுரைக்கு அவ்வாறு செய்வதில்லை என்றும் கண்டார். ஸ்டீவ் கிரகாம், டோலரஸ் பெரின் ஆகியோர் நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் அளித்த அறிக்கை மேலும் ஒன்றைத் தெளிவாக்கியது. ஒரு பயிற்சி எவ்வளவு மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதைக் காட்டும் விளைவளவு என்னும் எண் 0.2 அளவில் இருந்தால் சிறிது, 0.5 ஆனால் நடுத்தரம், 0.8 ஆனால் பெரிது என்று கொள்வது மரபு. எழுதும் முன் கருத்துத் திரட்டும் செயல்களில் மாணவரை ஈடுபடுத்துவதற்கு அந்த அளவு 0.32; திட்டமிடுதல், திருத்துதல் ஆகியவற்றுக்கான உத்திகளைப் படிப்படியாக விளக்கிக் கற்பித்து, மாணவர் தாமே கையாளும் வரை பயிற்றுவிப்பதற்கு 0.82. முன்னெழுத்துப் பயிற்சி தன்னளவிலேயே உதவுகிறது. அதன் உத்திகளை மாணவர் தமதாக்கிக்கொள்ளும் வரை கற்பித்தால் இன்னும் அதிகமாக உதவுகிறது.

தமிழகப் பள்ளித் தேர்வுகளில் கட்டுரை வினாவோடு முன்னுரை முதல் முடிவுரை வரை குறிப்புகளும் வினாத்தாளிலேயே அச்சிட்டுத் தரப்படும் வழக்கம் இருக்கிறது. தேர்வறையில் அது மாணவருக்கு உதவியாக இருக்கலாம். ஆயினும் பொருளை வரையறுத்தல், தேர்தல், அடுக்கல் என்னும் முக்கால் பங்கு வேலையை வினாத்தாள் தயாரித்தவரே செய்து முடித்துவிட, மாணவரின் பங்கு இடைவெளிகளை வாக்கியங்களால் நிரப்புவதோடு நின்றுவிடுகிறது. பல ஆண்டுகள் கட்டுரை எழுதியும், வேலைக்கு வந்தபின் ஓர் அறிக்கையையோ விண்ணப்பத்தையோ தொடங்கத் தெரியாமல் திகைப்பவர்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதை மாற்றப் புதிய பாடநூலோ கருவியோ தேவையில்லை. ஆசிரியர்கள் மாதத்துக்கு ஒரு கட்டுரைக்காவது குறிப்புகளைத் தராமல் தலைப்பை மட்டும் தந்து, மாணவர் தாமே திரட்டிய செய்திகளையும், ஒரே வாக்கியத்தில் எழுதிய மையக் கருத்தையும், வகுத்த சட்டகத்தையும் கட்டுரைக்கு முன்பே வாங்கிப் பார்த்து, அவற்றுக்கும் மதிப்பெண் வழங்க வேண்டும். தாமாக எழுதக் கற்பவர்கள் அடுத்த கட்டுரையின் முதல் வரியை எழுதுமுன், யாருக்காக எழுதுகிறோம், என்ன சொல்லப்போகிறோம், எந்த வரிசையில் சொல்லப்போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு தொடங்க வேண்டும்.